உப்பில்லாச் சாயமேற்றல்: ரசாயனம் வாங்குவதற்கு முன்

கேள்வி: பருத்திப் பின்னல் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்றும் சிறிய பட்டறை நடத்துகிறேன். துணிக்கும் நீருக்குமான விகிதம் 1:8. அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 70 கிராம் உப்பு போடுகிறோம். கழிவுநீரில் உப்பைக் குறைக்கும்படி வாடிக்கையாளர்கள் நெருக்குகிறார்கள். துணிக்கு முன்கூட்டியே கேட்டயானிக் (நேர்மின் தன்மை கொண்ட) ரசாயனம் கொடுத்துவிட்டால் உப்பே வேண்டாம் என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதைவிட எளிய வழிகள் உங்கள் பட்டறையிலேயே தொடப்படாமல் கிடக்கின்றன.

நீரில் நனைந்த பருத்தி இழைக்கு எதிர்மின் தன்மை உண்டு. ரியாக்டிவ் சாயத்துக்கும் அதே தன்மைதான். ஒன்றையொன்று விலக்கும். உப்பின் சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழைக்குள் அனுப்புகின்றன. பிறகு சோடா ஆஷ் என்ற காரம் சேர்ந்ததும் சாயம் செல்லுலோஸுடன் வேதிப்பிணைப்பில் இணைகிறது. உப்போ எதிலும் இணைவதில்லை; போட்டது போட்டபடி சாக்கடைக்கு வருகிறது. சுத்திகரிப்புத் தொட்டியின் நுண்ணுயிர்களால் அதை ஒன்றும் செய்ய முடியாது. சவ்வு வடிகட்டலும் ஆவியாக்கலும்தான் வழி. இரண்டும் மின்சாரத்தை விழுங்குபவை.

உப்பை லிட்டர் கணக்கில் போடுகிறோம் என்பதைக் கவனியுங்கள். 100 கிலோ துணிக்கு 1:8 என்றால் 800 லிட்டர் நீர், 56 கிலோ உப்பு. அதையே 1:5-க்குக் கொண்டுவந்தால் 35 கிலோ. செய்முறையில் ஒரு கிராம்கூட மாற்றாமல் 21 கிலோ மிச்சம்! நீர் குறைந்தால் சாயமும் இழையை நோக்கிக் கூடுதலாக நகரும் என்பதால், 70 கிராமையே குறைத்துப் பார்க்கவும் இடமுண்டு. ஆனால் உங்கள் இயந்திரம் அந்த விகிதத்துக்கு வடிவமைக்கப்பட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் பம்ப் காற்றை இழுக்கும், துணியில் மடிப்புக் கோடும் திட்டும் விழும். குறைந்த நீரில் சாயம் முழுதாகக் கரைகிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

அடுத்தது சாயத் தேர்வு. ரியாக்டிவ் சாயம் 1956-இல் சந்தைக்கு வந்த நாள் முதல் அதற்கு ஒரு குறை உண்டு: அது பருத்தியோடு மட்டுமல்ல, நீரோடும் வினைபுரியும். நீரோடு சேர்ந்த சாயம் பிறகு துணியில் பிணையாது. ஒற்றை வினைத்தொகுதி (இழையோடு பிணையும் பகுதி) கொண்ட பழைய சாயங்களில் பெரும்பாலும் 60 முதல் 70 விழுக்காடுதான் பிணையும். இரட்டை வினைத்தொகுதி கொண்டவற்றில் 80-ஐத் தாண்டும். கிலோவுக்கு விலை கூடுதல்தான். ஆனால் கணக்கைத் துணியில் நிற்கும் சாயத்தின் அளவை வைத்துப் போடுங்கள்.

அலசுவதில்தான் பல பட்டறைகள் நீரைக் கொட்டுகின்றன. பிணையாத சாயத்தை வெளியேற்றவே சோப்புக் குளியல். ஆனால் குளியலில் உப்பு மீந்திருந்தால், சாயத்தை இழைக்குள் தள்ளிய அதே உப்பு இப்போது அதை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். எனவே முதலில் குளிர்நீரிலும் வெந்நீரிலும் அலசி உப்பை இறக்குங்கள், காரத்தையும் சமன்செய்யுங்கள், அதன் பிறகே 95 டிகிரியில் சோப்பு. கடின நீரானால் கால்சியமும் மெக்னீசியமும் காரியத்தைக் கெடுக்கும். இந்த வரிசையை மாற்றிவிட்டு “இன்னும் ஒரு முறை சோப்பு போடு” என்பது வீண்செலவு.

இனி கேட்டயானிக் ரசாயனம். அது இழைக்கு நேர்மின் தன்மை கொடுப்பதால் உப்பின்றியே சாயம் பாய்ந்து ஏறும். அந்த வேகமே சிக்கல்: ரசாயனம் சீராகப் படியாத இடமெல்லாம் நிறத்திட்டாகும். தொட்டியில் ஏராளமான நீரில் கொடுத்தால் ரசாயனத்தின் பெரும்பகுதி துணியில் சேராமல் கழிவுக்குப் போகும். நுண்ணுயிர்களுக்கும் தொல்லை தரலாம். பரவலாக விற்கப்படும் வகை காஸ்டிக் சோடாவுடன் சேரும்போது எபாக்சைடாக மாறுகிறது. அதற்குப் புற்றுநோய் அபாயம் உண்டு. கையுறையும் காற்றோட்டமும் இல்லாத கூடத்தில் அதைத் திறக்கவே கூடாது. போதாக்குறைக்கு, உங்கள் நிறச் செய்முறைகள் அத்தனையையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.

பேடிங் இயந்திரம் வாங்கும் எண்ணம் இருந்தால் கதை வேறு. சாயத்தையும் காரத்தையும் துணியில் பிழிந்தேற்றி, உருளையில் சுற்றி, அறை வெப்பத்தில் பல மணி நேரம் சுழலவிடும் குளிர்முறைக்கு உப்பே தேவையில்லை.

விற்பனையாளர் மீண்டும் வந்தால், உங்கள் இயந்திரத்திலேயே ஓர் அடர் நீல லாட்டை முழுதாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஈர உராய்வு, ஒளி ஆகிய இரண்டையும் நிறம் தாங்குகிறதா என்று சோதனைக்கூட முடிவு வரட்டும். முன்செயல் குளியலின் கழிவையும் தனியே எடுத்துச் சோதியுங்கள். சாயக் குளியலின் கழிவை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள்.