கடலோர ஊரில் ரூபி நெக்லஸ் செடி நிறம் மாறி அழுகுகிறது, என்ன செய்யலாம்?

கேட்டவர் மண்டபம் பக்கம் இருக்கிறார். வாங்கும்போது ஊதாவும் சிவப்புமாகத் தொங்கிய செடி இப்போது வெறும் பச்சை, அடித்தண்டு வேறு கறுக்கிறது, இந்த ஊர் வெயில் ஆகவில்லையோ என்று சந்தேகம். நான் கீழக்கரையில் மாடியில் இதை வளர்க்கிறேன். வெயில் மேல் பழி போடாதீர்கள். நம் பக்கம் இந்தச் செடியைக் கெடுப்பது தண்ணீர்தான்.

குண்டு குண்டு இலைகளோடு தொங்கும் இந்த ரூபி நெக்லஸுக்குச் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. சூரியகாந்திக் குடும்பம், அதனால்தான் பூவும் மஞ்சளாகக் குட்டி சூரியகாந்தி போல இருக்கும். குண்டு இலை என்றதும் நம் கடற்கரையில் சிவப்புத் தண்டோடு சேற்றில் படர்ந்து கிடக்கும் உப்புப் பூண்டின் நினைவு வரும். இரண்டும் ஒன்றல்ல. அந்தப் பூண்டு உப்பிலேயே வாழப் பழகியது. இதற்கு உப்பு ஆகாது.

போர் தண்ணீர்தானே ஊற்றுகிறீர்கள்? தொட்டி விளிம்பையும் மண்ணின் மேற்பரப்பையும் பாருங்கள், வெள்ளையாகப் பூத்திருக்கும். மற்ற செடிகளுக்குத் தினம் நிறைய ஊற்றுவதால் உப்பில் கொஞ்சமாவது அடி ஓட்டை வழியாக வெளியேறிவிடும். இதற்கு நாம் அளந்து அளந்து கொஞ்சமாக ஊற்றுகிறோம். தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் மண் ஈரமாக இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. இலை சுருங்கும். தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம், வேர் அழுகும்.

அதற்காகக் குடம் விலை கொடுத்து வாங்கும் குடிநீரை ஊற்றினால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று எனக்குத் தெரியும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள், அதில் உப்பே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை ஒரு டிரம்மில் மூடி வைத்தால் ஒன்றிரண்டு தொட்டிக்குப் பல நாள் வரும். ஊற்றும்போது அடி ஓட்டை வழியாக வடியும்வரை ஊற்றிவிட்டு, மண் முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். நாள் கணக்கு வேண்டாம். இலையை இரு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்: கல் மாதிரி இருந்தால் விட்டுவிடலாம், தோல் சுருங்கித் தொளதொளவென்றால் ஊற்றலாம். இலை கண்ணாடி போல ஆகிப் பிதுங்கினால் அது தாகமல்ல, அழுகல்.

மண்ணுக்குக் கடல் மணல் வேண்டாம், உப்பும் கிளிஞ்சல் தூளும்தான் அதில் அதிகம். ஆற்று மணல், பொடித்த செங்கல், கொஞ்சம் மண்புழு உரம், கூடவே நம் மாவட்டத்துக் கருவேலங்கரியை உடைத்துப் போடுங்கள். மூட்டம் போடும் இடத்தில் கேட்டால் அள்ளிக் கொடுப்பார்கள். மானாமதுரை மண்தொட்டி கிடைத்தால் நல்லது, ஈரம் பக்கவாட்டிலும் காயும். பிளாஸ்டிக் தொங்குதொட்டி என்றால் அடியில் மாட்டியிருக்கும் தட்டைக் கழற்றி எறியுங்கள்.

நிறம் என்பது வெளிச்ச விவகாரம். பலமான வெளிச்சமும் கொஞ்சம் வறட்சியும் இருந்தால்தான் இலையில் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி கூடும். குளிர்ந்த இரவும் உதவும், ஆனால் அதை நாம் கொடைக்கானல்காரர்களுக்கு விட்டுவிடலாம். இங்கே ராத்திரியும் புழுக்கம்தான். காலை வெயில் பத்து, பத்தரை மணிவரை நேராக விழட்டும். ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் பச்சையாகி, இலைக்கு இலை இடைவெளி விட்டு நூலாக நீளும். பச்சையான செடியை ஒரேயடியாக வெயிலில் வைக்காமல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் உச்சி வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தொங்கவிடும் இடத்தைக் காற்றைப் பார்த்து மாற்றுங்கள். மேற்குப் பக்கமிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டின் கிழக்குச் சுவர்ப் பக்கம். இல்லாவிட்டால் உப்பும் மணலும் இலையில் படியும், தண்டும் ஒடியும். வாடை திரும்பி மழை வந்ததும் கூரைக்கு அடியில், காற்றோட்டமாக. எட்டாத உயரமாக இருக்கட்டும், நம் தெரு ஆடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மாவுப்பூச்சி இலைக் கணுவில் பஞ்சு மாதிரி ஒட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயங்காலம் தெளியுங்கள். பகலில் தெளித்தால் இலை பொசுங்கும்.

இப்போதைய செடி விஷயத்துக்கு வருவோம். கறுத்த அடித்தண்டு இனி தேறாது. நுனியில் நல்ல உறுதியாக இருக்கும் துண்டுகளை விரல் நீளத்துக்கு வெட்டி, நிழலில் இரண்டு மூன்று நாள் வெட்டுவாய் காயவிடுங்கள். பிறகு புதுக் கலவை மேல் படுக்கப் போட்டு, கணு மண்ணைத் தொடும்படி ஒரு ஹேர்பின் குத்தினால் கணுவிலிருந்து வேர் விடும். வேர் பிடிக்கும்வரை லேசாகத் தெளித்தால் போதும், ஊற்ற வேண்டாம். இதைப் புரட்டாசிக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். மழை தொடங்கிய பிறகு வைக்கும் துண்டு இந்த ஈரக்காற்றில் வேர் விடுவதற்குள் அழுகிவிடும்.