முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு மறுபடி சைக்கிள் எப்போது?

கேள்வி: வயது 42. கோவை வடவள்ளியில் இருக்கிறேன். வங்கி வேலை. எட்டு வருடமாகக் காலையில் சைக்கிள் ஓட்டும் பழக்கம் உண்டு. பதினோரு வாரத்துக்கு முன் இடது முட்டியில் ஜவ்வு ஆபரேஷன் நடந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘தொடை எலும்பின் உட்பக்க முனையில் குருத்தெலும்புத் தேய்வு, 1.5 x 1 செ.மீ., மைக்ரோஃபிராக்சர்’ என்று இருக்கிறது. இப்போது வலி இல்லை. பிசியோதெரபியில் உடற்பயிற்சி சைக்கிள் 15 நிமிடம் மிதிக்கிறேன். சாயங்காலம் மட்டும் லேசாக வீங்குகிறது. மடக்கும்போது ‘டிக்’ என்று சத்தம் வருகிறது. வீட்டில் ‘இனிமேல் சைக்கிளே வேண்டாம்’ என்கிறார்கள். நண்பர்களோ ‘சைக்கிள்தான் முட்டிக்கு மருந்து, நாளைக்கே வா’ என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது? மறுபடி மருதமலை ஏற முடியுமா?

பதில்: டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ளதை அப்படியே எழுதியனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. ‘ஜவ்வு ஆபரேஷன்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் என்னால் பதிலே எழுதியிருக்க முடியாது. நம் ஊரில் முட்டிக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் ஜவ்வு என்றுதான் பெயர். எலும்புகளைக் கட்டிப் பிடிக்கும் தசைநாரும் ஜவ்வு, நடுவில் மெத்தைபோல இருக்கும் பிறை வடிவ மெனிஸ்கஸும் ஜவ்வு, எலும்பு முனையில் வழவழவென்று படிந்திருக்கும் குருத்தெலும்பும் ஜவ்வு. மெனிஸ்கஸில் கிழிந்த துணுக்கை மட்டும் வெட்டி எடுத்தவர் சில வாரங்களில் சைக்கிள் ஏறிவிடுவார். அதே மெனிஸ்கஸைத் தையல் போட்டவருக்கும், உங்களைப்போல் குருத்தெலும்பில் வேலை செய்தவருக்கும் கணக்கே வேறு. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மாதத்தில் ஓட்டினார் என்று யார் சொன்னாலும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள் முட்டிக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் வராத இடம் என்பதால் அடிபட்டால் தானாக ஆறாது. கட்டைவிரல் நகம் அளவுக்குக் குருத்தெலும்பு போன அந்த இடத்தில், கீழே இருக்கும் எலும்பில் 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுச் சின்னச் சின்னத் துளைகள் போட்டிருப்பார்கள். மஜ்ஜையிலிருந்து ரத்தம் கசிந்து, பள்ளத்தில் உறைந்து, அந்த உறைவு மெல்ல மெல்லத் திசுவாக மாறும். இதுதான் உங்கள் சம்மரியில் இருக்கும் மைக்ரோஃபிராக்சர். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் என்ற எலும்பு மருத்துவர் 1980-களில் பரவலாக்கிய முறை இது.

அந்தத் திசு இப்போது இளநீர் வழுக்கை பதத்தில் இருக்கிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். அது தேங்காய்ப் பருப்பு பதத்துக்கு முற்றப் பல மாதங்கள் ஆகும். ஓராண்டு வரைகூட மாறிக்கொண்டே இருக்கும். முற்றிய பிறகும் பிறவியிலேயே வந்த குருத்தெலும்பு அளவுக்கு உறுதியாக இருக்காது. அதற்கு நரம்பு இல்லாததால், நசுங்கினாலும் அது உங்களிடம் வலி என்று சொல்லாது. ‘வலி இல்லை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகம் வந்தது. வலி போய்விட்டது என்றால் தோல் ஆறிவிட்டது, உள் அழற்சி அடங்கிவருகிறது என்று அர்த்தம். உள்ளே திசு முற்றிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

வீட்டாரும் நண்பர்களும் சொல்வதில் ஆளுக்குப் பாதி உண்மை இருக்கிறது. குருத்தெலும்புக்குச் சாப்பாடு போடுவது மூட்டுத் திரவம்தான். கால் மடங்கி நிமிரும்போது அது பஞ்சுபோல் அழுந்தி விரிந்து அந்தத் திரவத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே பெடல் சுற்றுவது அதற்கு ஊட்டம். ஸ்டெட்மன் வகுத்த பயிற்சியிலேயே, காலை ஊன்றக் கூடாத அந்த முதல் வாரங்களில் எதிர்ப்பில்லாமல் மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் உண்டு. சமதளத்தில் நிதானமாக மிதிக்கும்போது முட்டியில் விழும் பாரம், உட்கார்ந்திருப்பதால், உடல் எடையை ஒட்டித்தான் இருக்கும். நடக்கும்போது அது இரண்டரை, மூன்று மடங்கு ஆகிவிடும், படி ஏறினால் இன்னும் கூடும். இந்த வகையில் நண்பர்கள் சொல்வது சரி. ஆனால் அவர்கள் ‘நாளைக்கே’ என்கிறார்களே, அங்கேதான் தப்பு.

சாயங்கால வீக்கம் போகும்வரை நீங்கள் ரோட்டில் ஏற வேண்டாம். வீக்கம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மல்லாந்து படுத்து காலை நீட்டுங்கள். முட்டிச் சில்லின் உட்பக்கக் குழியை உள்ளங்கையால் கீழிருந்து மேலாக இரண்டு முறை வழித்துவிடுங்கள். பிறகு வெளிப்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு முறை வழியுங்கள். உட்பக்கக் குழியில் மெல்ல ஓர் அலைபோல் புடைத்து வந்தால் உள்ளே நீர் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு வாரம் இது வராமல் இருக்கட்டும். கூடவே வேறு சிலவும் கைகூட வேண்டும். முட்டி 110 பாகையாவது சிரமமில்லாமல் மடங்க வேண்டும், பெடல் மேலே வரும்போது அவ்வளவு மடக்கம் தேவை. இடது காலில் மட்டும் அரை நிமிடம் ஆடாமல் நிற்க முடிய வேண்டும். முட்டிச் சில்லுக்கு மேலே நான்கு விரற்கிடை தள்ளி இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆபரேஷன் ஆன கால் கட்டாயம் இளைத்திருக்கும். அந்த வித்தியாசம் குறைந்துகொண்டே வர வேண்டும். இதெல்லாம் கூடிவந்தால், ஆபரேஷன் ஆகி நான்கு மாதம் முடிந்தபின் சமதள ரோட்டில் ஆரம்பிக்கலாம் என்பது என் கருத்து. உள்ளே கேமரா வைத்துப் பார்த்தவர் உங்கள் அறுவை சிகிச்சை நிபுணர். அவர் இன்னும் தள்ளிப்போடச் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

இனி நான் ரொம்பவும் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அது ஓட்டுவது அல்ல, ஏறி இறங்குவதுதான். நாம் சைக்கிள் ஏறுவதை யோசித்துப் பாருங்கள். இடது காலைப் பெடலில் வைத்து, வலது காலால் இரண்டு தட்டுத் தட்டி, வண்டி உருளும்போதே வலது காலை கேரியருக்கு மேலாக வீசிப் போடுகிறோம். அந்த நொடியில் உடம்பின் மொத்த எடையும், இடுப்பு திரும்பும் முறுக்கலும் மடங்கிய இடது முட்டியில்தான். இறங்கும்போதும் அதேதான். உங்களுக்கு ஆபரேஷன் ஆனதும் இடது முட்டி. ஒரு மணி நேரம் பத்திரமாக ஓட்டிவிட்டு, வீட்டு வாசலில் பழக்கத்தில் ‘சர்’ரென்று இறங்கி முட்டி வீங்கி வந்தவரை என் புறநோயாளிப் பிரிவில் பார்த்திருக்கிறேன்.

எனவே முதல் சில மாதங்களுக்கு பார் இல்லாத லேடீஸ் சைக்கிளை இரவல் வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நின்ற வண்டியில் காலை உள்ளே நுழைத்து, சீட்டில் உட்கார்ந்த பிறகே நகருங்கள். உங்கள் சைக்கிள்தான் வேண்டுமென்றால் வண்டியின் வலப்பக்கம் நின்று, அதை உங்கள் பக்கம் நன்றாகச் சாய்த்து, இடது காலைத் தூக்கிப் போடுங்கள். பாரம் வலது காலில் இருக்கும். நிறுத்தும்போதும் வலது காலையே ஊன்ற வேண்டும். ரோட்டின் இடது ஓரமாகவே ஓட்டிப் பழகிய நமக்கு இது எளிதில் வராது. சிக்னலில் தன்னாலேயே இடது கால்தான் கீழே போகும். காலி மைதானத்தில் ஒரு வாரம் ஏறி, நிறுத்தி, இறங்கி மட்டும் பழகுங்கள். ஷூவைப் பெடலோடு பூட்டும் வகை பெடல் இப்போதைக்கு வேண்டாம், அதிலிருந்து விடுபடக் குதிகாலைத் திருப்பும்போது முட்டியும் முறுக்கும்.

சீட் உயரத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக இருக்க வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்து ஓட்டினால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்தால் முட்டிச் சில்லின் பின்னால் அழுத்தம் ஏறும். கியரை முன்னால் சின்னப் பல்சக்கரம், பின்னால் பெரியது என்று வைத்து, அழுத்தி மிதிக்காமல் வேகமாகச் சுற்றுங்கள். நிமிடத்துக்கு 80 சுற்று வந்தால் நல்லது. சீட்டை விட்டு எழுந்து மிதிக்கவே கூடாது.

முதல் நாள் பத்து நிமிடம் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டி, வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். உங்கள் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது, சிறுவாணிப் பக்கம் போகும் சமதள ரோடும் உங்கள் முட்டிக்கு மேடுதான். அந்த மாதங்களில் வீட்டுக்குள் மிதியுங்கள். போயே ஆக வேண்டுமென்றால் போகும்போது எதிர்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிய மறுநாள் காலையில் முட்டியை வழித்துப் பாருங்கள். முந்தின நாளைவிட நீர் கூடியிருந்தால் ஓட்டியது அதிகம். வீக்கம் வடியும்வரை நிறுத்தி, பாதியிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். தயவுசெய்து வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டப் போகாதீர்கள்.

வலியில்லாத ‘டிக்’ சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நீட்ட வராமல் போனாலோ, காய்ச்சலோடு முட்டி சிவந்து சுட்டாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம், உடனே போங்கள். கூடவே மூச்சு வாங்கினால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான். குத்துக்காலிடுவதும் சம்மணம் போடுவதும் இப்போது வேண்டாம். வீட்டில் மேற்கத்தியக் கழிப்பறை இல்லையென்றால் ஒரு கமோடு நாற்காலியாவது வாங்கிவிடுங்கள்.

மருதமலை? ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் முடியும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். அதற்குப் பிறகு, ஒரு மணி நேரம் சமதளத்தில் ஓட்டி மறுநாளும் வீக்கம் வரவில்லை என்றால், உங்கள் மருத்துவரிடம் முட்டியைக் காட்டிவிட்டு முதலில் அடிவாரம் வரை மட்டும் போய் வாருங்கள். மேலே ஏறும் நாளில் தனியாகப் போங்கள். நண்பர்களோடு போனால் அவர்கள் வேகத்துக்கு உங்கள் கால் மிதிக்கும்.