திருவனந்தபுரம் – டொராண்டோ: 11 மணி நேரமா, 20 மணி நேரமா?

களியக்காவிளையிலிருந்து மகனை அனுப்பும் அண்ணாச்சிக்கு: டிக்கெட்டில் அதிகாலை 4:30 புறப்பாடு, அதே நாள் மாலை 3:30 டொராண்டோ என்றிருப்பதால் 11 மணி நேரம்தானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சடிப்பார்கள். ஜூலையில் டொராண்டோ நமக்கு 9:30 மணி நேரம் பின்னால். அதைக் கூட்டினால் 20:30. குளிர்காலத்தில் வித்தியாசம் 10:30 ஆகிவிடும்.

நேர்கோட்டுத் தூரம் சுமார் 13,750 கி.மீ. துபாய் வழியாகப் போனாலும் 300 கி.மீ.கூட அதிகமாகாது, அதனால் சுற்று வழி என்று கவலை வேண்டாம். துபாய் வரை 4 மணி, காத்திருப்பு 2:30, அங்கிருந்து 14 மணி. மேலே மேற்கிலிருந்து வீசும் காற்று எதிர்ப்பதால்தான் இவ்வளவு. திரும்பும்போது ஒரு மணி நேரமாவது குறையும்.

பலரும் தவறுவது தேதியில்தான். 12-ம் தேதி 4:30 என்றால் 11-ம் தேதி இரவே வீட்டை விட்டு இறங்க வேண்டும். 1:30-க்கு விமான நிலையத்தில் நிற்கணும். வண்டிக்காரரிடம் சாக்கை பக்கமுள்ள சர்வதேச முனையம் என்று சொல்லுங்கள். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு முனையம். இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் துபாயில் 2:30 மணி நேரக் காத்திருப்பு போதாது.