ஆட்டம் முடிந்த பிள்ளைகள்

வணக்கம்.

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற மாதம் பக்கத்து மாவட்டத்தில் நடந்த செஸ் போட்டிக்கு 22 பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். முந்நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ரேபிட் எனப்படும் குறைந்த நேர ஆட்டம், 7 ரவுண்டு. மூன்றாவது ரவுண்டிலேயே மைக்கில் எங்கள் பள்ளிப் பெயரைச் சொல்லி, பிள்ளைகளை அடக்கச் சொன்னார்கள். வராண்டாவில் ஓட்டம், ஜன்னலில் ஏறி வேடிக்கை. ஒருவன் மூவுக்கு மூவ் "டிராவா, டிராவா" என்று எதிராளியை நச்சரித்திருக்கிறான். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தோற்றதும் காய்களைத் தள்ளிவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்துவிட்டாள். இன்னொருவன் கையிலிருந்த ஸ்மார்ட் வாட்ச் சத்தம் போட, அவனுக்குத் தோல்வி என்று எழுதிவிட்டார்கள். அவன் அப்பா நடுவரிடம் சண்டைக்குப் போய்விட்டார். இனிமேல் எட்டாம் வகுப்புக்குக் கீழே யாரையும் கூட்டிப்போக வேண்டாம் என்கிறார் தலைமையாசிரியர். பள்ளியில் இவர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லை. எங்கே தவறினோம்? வாட்ச்சுக்காக ஆட்டத்தையே பறித்தது நியாயமா?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வராண்டாவில் ஓடியவர்களும் ஜன்னலில் ஏறியவர்களும் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள். போர்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் வருகிற தொல்லை கொஞ்சம்தான். எழுந்து வந்த பிள்ளையால் வருவதுதான் அதிகம். பள்ளிகள் முதலாவதற்கு அறிவுரை சொல்லி அனுப்புகின்றன, இரண்டாவதற்கு ஒரு ஏற்பாடும் செய்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு 15 நிமிடம், மூவுக்கு 5 விநாடி கூடுதல் என்று வையுங்கள். 60 மூவ் போகிற ஆட்டத்தில் ஒருவருக்கு 20 நிமிடம், இருவருக்கும் சேர்த்து 40. ஒன்பது வயதுப் பையன் குயினைச் சும்மா கொடுத்துவிட்டு 6 நிமிடத்தில் எழுந்துவிடுவான். மீதி 34 நிமிடம், அடுத்து யார் யாரோடு ஆடுவது என்கிற பேரிங் பட்டியல் ஒட்ட இன்னொரு 10 நிமிடம். இப்படி 7 ரவுண்டு. அன்றைக்கு அவன் விளையாடியது முக்கால் மணி நேரம், சும்மா இருந்தது 5 மணி நேரம். முந்நூறு பேரில் பாதிப் பேர் இப்படித்தான். ஓடாமல் என்ன செய்வார்கள்?

ஆகவே முதல் வேலை, அவர்களுக்கு ஓர் இடம். ஹாலிலிருந்து ஐம்பது அடியாவது தள்ளி, மரத்தடியோ காலி வகுப்பறையோ பார்த்து, இரண்டு பாய் விரித்துவிடுங்கள். சுருட்டி எடுத்துப்போகும் வினைல் போர்டு நான்கும் காய் செட் நான்கும் போதும். மூவ் முடிந்ததும் அமுக்குகிற செஸ் க்ளாக் எடுத்துப்போகாதீர்கள். க்ளாக் இருந்தால் பிளிட்ஸ் என்கிற அதிவேக ஆட்டம் ஆடுவார்கள், பிளிட்ஸ் ஆடினால் அடிக்கிற அடியும் போடுகிற கூச்சலும் ஹாலுக்குள் கேட்கும். பந்து ஒன்று இருக்கட்டும். மைதானம் இருந்தால் ஓடவிடுங்கள், ஓடுவது குற்றமில்லை, வராண்டாவில் ஓடுவதுதான் சிக்கல். பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பாயருகே, ஒருவர் ஹால் வாசலில். வாசலில் நிற்பவருக்கு ஒரே வேலை, வெளியே வருகிற பிள்ளையைப் பாய்ப் பக்கம் திருப்பிவிடுவது. 22 பேருக்கு நீங்கள் ஒருவரே என்றால் எவ்வளவு கத்தினாலும் முடியாது.

அடுத்தது, வெளியே வருவதற்கு முந்தைய ஒரு நிமிடம். இந்தப் போட்டிகள் சுவிஸ் முறையில் நடப்பவை. ஒரே புள்ளி எடுத்தவர்களை ஜோடி சேர்ப்பதால், கடைசி போர்டின் முடிவு வந்த பிறகுதான் அடுத்த ரவுண்டு போட முடியும். 160 போர்டில் ஒரு ஜோடி கைகுலுக்கிவிட்டு முடிவைச் சொல்லாமல் ஓடிவிட்டால், மொத்த ஹாலும் அவர்களைத் தேடிக் காத்திருக்கும். வெற்றி மாறிப் பதிவாகிவிட்டால் அடுத்த ஜோடியே தப்பாகப் போகும். பிள்ளைகள் கை பழக வேண்டிய வரிசை இது: க்ளாக்கை நிறுத்து, கை குலுக்கு, காயை முதலில் இருந்தபடி அடுக்கு, இருவரும் சேர்ந்து நடுவரிடம் போர்டு எண்ணோடு முடிவைச் சொல் அல்லது சீட்டில் எழுதிக் கையெழுத்திடு, பேசாமல் வெளியே போ. பக்கத்து போர்டில் நின்று பார்க்கக் கூடாது. ஆட்டம் முடிந்தவன் வெறும் பார்வையாளன்தான் என்று உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியே சொல்கிறது. பக்கத்து ஆட்டத்தில் தப்பு மூவ் நடப்பதைக் கண்டாலும் வாய் திறக்கக் கூடாது, நடுவரிடம் மட்டும் சொல்லலாம்.

டிரா கேட்ட பையன் விஷயம் வேறு. அவனுக்கு விதி தெரியவில்லை, அவ்வளவுதான். தன் மூவை வைத்த பிறகு, க்ளாக்கை அமுக்குவதற்கு முன்னால் ஒருமுறை கேட்கலாம். மறுத்துவிட்டால் நிலைமை மாறும்வரை கேட்காமல் இருப்பதே முறை. எதிராளியை எந்த விதத்திலும் தொந்தரவு செய்யக் கூடாது என்கிற 11.5ஆம் விதி, நியாயமில்லாத டிரா கேள்விகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நியாயமில்லாத புகார்களும் அதே விதியில்தான் வருகின்றன. நம் பிள்ளைகளிடம் இன்னொரு பழக்கம் உண்டு: ஹாலே திரும்பிப் பார்க்கும்படி "செக்!" என்பது. செக் என்று சொல்லியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வெட்டிய காயால் மேஜையைத் தட்டுவது, பேனாவை டிக் டிக் என்று அமுக்குவது, எதிராளி யோசிக்கும்போது போர்டின் மேல் கையை ஆட்டிக்கொண்டே இருப்பது, க்ளாக்கை ஓங்கி அடிப்பது — இதெல்லாம் தெரியாமல் செய்வது. "அமைதியாக இரு" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் நிற்காது. ஒவ்வொன்றையும் செய்து காட்டிச் சொன்னால் அநேகமாக நின்றுவிடும்.

தொந்தரவுக்கு ஆளாகிற பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியது இருக்கிறது. தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது டச் மூவ் விதி. எதிராளி ஒரு காயைத் தொட்டுவிட்டு வேறு காயை நகர்த்துகிறான். நம் பையன் என்ன செய்கிறான்? இருந்த இடத்திலிருந்தே "சார்! டச் மூவ்!" என்று கத்துகிறான், அவன் "தொடலை" என்கிறான், சுற்றி எட்டு போர்டு நின்றுபோகிறது. செய்ய வேண்டியது, க்ளாக்கை இரு பக்கமும் நிறுத்திவிட்டுக் கையைத் தூக்குவது. நடுவரை அழைக்கக் க்ளாக்கை நிறுத்தலாம் என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. நேரம் ஓடுகிறதே என்ற பயத்தில்தான் கத்துகிறார்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: புகார் சொல்வதற்கு முன்னால் தன் காயை நகர்த்தத் தொட்டுவிட்டால், அந்த டச் மூவ் புகாருக்கான உரிமை போய்விடும். பள்ளியில் இரண்டு மாலை போதும். ஒருவன் வேண்டுமென்றே வம்பு செய்யட்டும், மற்றவன் பேசாமல் நிறுத்திக் கையைத் தூக்கிப் பழகட்டும். சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள்.

வாட்ச் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்கிறேன். நடுவர் செய்தது சரி. அனுமதி இல்லாத மின்னணுக் கருவி ஆட்டக்காரன் உடம்பில் இருப்பது தெரிந்தால் அவனுக்குத் தோல்வி, அது சத்தம் போட வேண்டும் என்றுகூட இல்லை. குறைந்த தண்டனை வைத்துக்கொள்ளப் போட்டி விதிமுறை இடம் கொடுக்கலாம், முன்கூட்டியே அப்படி எழுதியிருந்தால் மட்டும். பத்து வயதுப் பையன் வாட்ச்சில் கம்ப்யூட்டர் வைத்து ஏமாற்றப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் நடுவர் ஒவ்வொரு பையனின் மனதையும் எடைபோட்டுக்கொண்டிருக்க முடியாது. பஸ்ஸிலேயே ஒரு துணிப்பையில் வாட்ச், போன் எல்லாவற்றையும் வாங்கிப் பெயர் எழுதி வைத்துவிடுங்கள். அந்தப் பை ஹாலுக்குள் போகவே கூடாது.

ரவுண்டு தொடங்கி எத்தனை நிமிடம்வரை தாமதமாக வரலாம் என்பதையும் காலையிலேயே கேட்டு வையுங்கள். விதிமுறையில் எழுதாவிட்டால் 0 நிமிடம் என்றே பொருள், கழிவறையில் இருக்கும் பிள்ளைக்கு ஆட்டம் போய்விடும். பேரிங் ஒட்டியதும் போர்டு எண்ணைப் பார்ப்பது, கழிவறை போவது, பிறகு உள்ளே போவது, இந்த வரிசையில் நடக்கட்டும்.

அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணை யாரும் திட்டியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். 2025 ஜூனில் நார்வே செஸ் போட்டியில் குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேஜையைக் குத்தினார், காய்கள் உருண்டன. பிறகு மன்னிப்புக் கேட்டார். உலகின் முதல் இடத்தில் இருப்பவருக்கே அந்த விநாடி கையை மீறுகிறது என்றால், பத்து வயதுக் குழந்தையிடம் என்ன எதிர்பார்ப்பது? அழட்டும், ஆனால் வெளியே வந்து அழட்டும். கைகள் அதற்குள் செய்ய ஒரு வேலை இருந்தால் அந்த அரை நிமிடத்தைத் தாண்டிவிடலாம். காய் அடுக்குவது அதற்குத்தான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனைத் தோற்கடித்து உலக சாம்பியனான குகேஷ், கண்ணீரோடு உட்கார்ந்து காய்களைப் பழையபடி அடுக்கிய காட்சி இணையத்தில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். பாயருகே இருக்கும் பெரியவர், "ஏன் தோத்தே?" என்று கேட்காமல் தண்ணீர் கொடுத்தால் போதும்.

அப்பாக்கள், அம்மாக்கள்? ஜன்னலுக்கு வெளியே நின்று கையை ஆட்டும் அப்பா பாசத்தில்தான் ஆட்டுகிறார். எதிர்ப்பக்கத்து அம்மாவுக்கு அது மூவ் சொல்லித்தருவதுபோலத் தெரியும், அப்புறம் சண்டைதான். புறப்படும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: ஹால் ஜன்னலருகே நிற்க மாட்டோம், நடுவரிடம் நேரே போக மாட்டோம், குறை இருந்தால் ஆசிரியையிடம் சொல்வோம். நடுவரின் முடிவு தவறென்று பட்டால் விளக்கம் கேட்க ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு, அப்பீல் செய்யவும் வழி உண்டு. அந்த வழியில் நீங்கள் ஒருவர் போனால் கேட்பார்கள், ஆறு பேர் சூழ்ந்துகொண்டால் கேட்க மாட்டார்கள்.

எட்டாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம் என்கிற தலைமையாசிரியரின் முடிவை மாற்றப் பாருங்கள். இந்தப் போட்டிகளில் 9 வயதுக்குட்பட்டோர், 11 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவு வைப்பதே சின்னப் பிள்ளைகளுக்காகத்தான். எட்டாம் வகுப்பில் முதல்முறை வருகிறவனும் இதையேதான் செய்வான், உடம்பு மட்டும் பெரிதாக இருக்கும். அடுத்த முறை 22 வேண்டாம், 12 பேர் போதும், பெரியவர் இருவர். தெரிந்த பெற்றோர் ஒருவரை வாசலில் நிறுத்திக்கொள்ளலாம், தன் பிள்ளை ஆடாத ஒருவராகப் பார்த்து.