உப்புத்தாளும் 70 மி.மீ. தோட்டாவும்

அன்புள்ள ஐயா,
தாத்தா இறந்து ஐந்து மாதமாகிறது. அவருடைய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி தோல் உறையோடு பீரோவில் இருக்கிறது. லைசென்ஸ் அவர் பெயரில்தான். குழல் முழுக்கப் பழுப்பாக அலையலையாய்க் கோடுகள், அங்கங்கே துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா? இப்போது கடையில் விற்கும் தோட்டா சேருமா?
ம., தேனி

அன்புள்ள ம.,

இரண்டுக்கும் முன்னால் லைசென்ஸ். அது தாத்தாவோடு முடிந்துவிட்டது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைத் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கியிருக்க வேண்டும். நிலையத்துக்கு இன்றே தகவல் சொல்லுங்கள். பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு ஆட்சியரிடம் மனுப் போடலாம். 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி இதற்கானது. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும்.

எடுக்கும்போது வாயைத் தரைப்பக்கம் வைத்து, மடக்கித் திறந்து, தோட்டா வைக்கும் இரண்டு அறையும் காலியா என்று பாருங்கள். துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் தோட்டா இருப்பதாகவே கொள்ளுங்கள். காவலர் வீட்டுக்கு வரட்டும்.

நீங்கள் சொல்வது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் பட்டையாகச் சேர்த்து முறுக்கி, உருளைக் கம்பியில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. அலை தெரிவதற்காகவே பட்டறையில் அளவாகத் துருவேற்றுவார்கள். உப்புத்தாள் அதை அழித்துவிடும், விலையும் கூடவே போகும். (புளி போட்டு விளக்குகிறவர்களும் உண்டு.) உரிமம் வந்தபின், எண்ணெய் விட்டு மிக நைசான எஃகுப் பஞ்சால் புதுத் துருவை மட்டும் எடுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், அதில் வைக்காதீர்கள்.

தோட்டா சேராது. இந்தக் குழல்கள் பெரும்பாலும் கருமருந்துக்கு, அதாவது பழைய காலக் கரி வெடிமருந்துக்குச் செய்தவை; இன்றைய தோட்டாவில் இருப்பது புகையில்லா நைட்ரோ மருந்து. கருமருந்தின் கரி ஈரத்தை இழுத்து உள்ளே ஒட்டுகளை அரித்திருக்கும், வெளியே தெரியாது. அறை நீளம் இன்னொரு வம்பு. பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இரண்டரை அங்குலம், 65 மி.மீ. என்று குறிப்பார்கள். கடையில் பெரும்பாலும் விற்பது 70. அந்த 70 சுட்டபின் வாய் விரிந்த நீளம் என்பதால், சுடாத தோட்டா 65 அறையில் தடையில்லாமல் நுழைந்துவிடும். சுடும்போது தோட்டா வாயின் மடிப்பு அறைக்கு அப்பால் குறுகலான இடத்தில் விரியும், வழி இறுகும், அழுத்தம் எகிறும்.

குழலைக் கழற்றினால் அடியில் சோதனை முத்திரைகள் இருக்கும். நைட்ரோ ப்ரூஃப் (நைட்ரோ மருந்துக்குச் சோதித்துத் தேறியது) என்றே இருந்தாலும் நம்பிச் சுடாதீர்கள். முத்திரை குத்திய அன்று குழலின் சுவருக்கு என்ன கனம் இருந்ததோ, அதற்குத்தான் அந்தச் சான்று.