ஊர் மாறினால் ஆள் மாறுமா?

ஐயா, வணக்கம்.

நான் மௌல்மீனில் பலசரக்குக் கடை வைத்திருந்தேன். வயது 39. டூடி என்னும் இரண்டு நம்பர் லாட்டரி எழுதியே கடை போய்விட்டது. அம்மாவின் வளையலும் போனது. பன்னிரண்டு பேரிடம் கடன் இருக்கிறது. இப்போது ஏழு மாதமாக ஒரு நம்பர்கூட எழுதவில்லை. ஆனால் ஊர் நம்பவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தால் "இன்றைக்கு என்ன நம்பர்?" என்று கேட்கிறார்கள். கோயிலில் உண்டியல் எண்ணும்போது என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்.

மலேசியாவில் கிள்ளானில் சித்தப்பா மகன் சாப்பாட்டுக் கடையில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறான். யாருக்கும் என்னைத் தெரியாத இடத்துக்குப் போனால் புது ஆளாகத் தொடங்கலாம் என்று தோன்றுகிறது. கடனை அங்கிருந்து அனுப்பிவிடலாம். ஏழரைச் சனி முடிகிறது, பெயரையும் மாற்றிக்கொள் என்கிறார் ஜோதிடர். போவதற்கு முன் பத்து நாள் விபாசனா தியானத்தில் உட்காரலாமா என்றும் யோசிக்கிறேன். பழைய வாழ்க்கையை அப்படியே விட்டுவிட்டுப் போனால் மனிதன் மாறுவானா? உங்கள் பதில் வேண்டும்.

ஒரு வாசகர், மௌல்மீன், பர்மா

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துவந்து மேசையில் வைத்துக்கொண்டேன். போன மாதம் என் தம்பி வீட்டைப் பிரித்துக் கட்டும்போது பரணில் கிடைத்தது. எங்கள் அப்பாவின் நோட்டு. ஒரு மாதமாக அதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்திருக்கிறது.

முதலில் சனியை விடுங்கள். பெயர் மாற்றமும் வேண்டாம். இந்த நாட்டில் நம்மில் பலருக்கு ஏற்கெனவே இரண்டு பெயர்; வெளியே ஒரு பர்மியப் பெயர், வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர். மூன்றாவதாக ஒன்று வந்து என்ன செய்துவிடும்?

ஏழு மாதம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். வாரத்தில் ஐந்து நாள், பகல் பன்னிரண்டுக்கு ஒரு தடவை, மாலை நாலரைக்கு ஒரு தடவை, டூடியைத் தீர்மானிக்கும் தாய்லாந்துப் பங்குச்சந்தையின் எண் வருகிறது. அந்த நேரத்தில் நம் தெருக்களில் பேச்சு நின்று எல்லோரும் போனைப் பார்ப்பதை நானும் பார்க்கிறேன். ஏழு மாதம் என்றால் அந்த நேரத்தை முந்நூறு தடவைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு கடந்திருக்கிறீர்கள். அதே தெருவில், அதே ஆட்களுக்கு நடுவில். இதை ஏன் சாதாரணமாக நினைக்கிறீர்கள்?

கிள்ளானைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கே நாலு நம்பர் லாட்டரியைச் சட்டப்படி அனுமதி வாங்கிக் கடை போட்டே விற்கிறார்கள். வேலை முடிந்து வரும் வழியில் அப்படி ஒரு கடை இருக்கும். நீங்கள் உள்ளே போனால் யாரும் தடுக்க மாட்டார்கள், யாரும் அம்மாவிடம் போய்ச் சொல்லவும் மாட்டார்கள். யாருக்கும் உங்களைத் தெரியாத இடம் என்றால் அதுதான். அதையா தேடுகிறீர்கள்?

எங்கள் அப்பா குடிப்பவர். ரைஸ் மில்லில் கணக்கெழுதினார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நாங்கள் முதலில் இருந்தது லெப்படானில். அங்கே சேர்க்கை சரியில்லை, ஊர் மாறினால் மனுஷர் சரியாகிவிடுவார் என்று அம்மா நம்பினாள். 1958-இல் பெகுவுக்குப் போனோம். விடியாத நேரத்து ரயிலில் கிளம்பினோம். ஏன் அந்த நேரத்து ரயில் என்று எனக்கு அப்போது தெரியாது, ஏழு வயது. பெகுவில் மூன்று வருஷம். அங்கிருந்தும் அதேபோல் இருட்டோடு கிளம்பி ரங்கூனுக்கு வந்தோம், கமாயுட்டில் ஒரு மர வீடு.

ஒவ்வொரு ஊரிலும் முதல் ஒரு மாதம் அப்பா தங்கமான மனிதர். வேலை விட்டதும் நேரே வீட்டுக்கு வருவார், எங்களுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுப்பார். அம்மா முகத்தில் அந்த ஒரு மாதம் இருந்த வெளிச்சம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதை அவள் மாற்றம் என்று நினைத்தாள். அது மாற்றமில்லை தம்பி, புது இடத்தின் கூச்சம். கூச்சம் தெளிந்ததும் உள்ளே இருந்த ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்புறம் 1964 வந்தது. கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்தச் சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் இந்த நாட்டைவிட்டுப் போனார்கள். எங்கள் பெரியப்பா குடும்பமும் கப்பலேறியது. அப்பாவும் துடித்தார். "இந்தியாவுக்குப் போய்விட்டால் இந்தப் பழக்கத்தை விட்டுவிடுவேன்" என்று அப்பாயி காலைத் தொட்டுச் சொன்னார். அப்பாயி கப்பலுக்கு மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் நாங்கள் நின்றுவிட்டோம்.

போனவர்கள் மாறினார்களா? இதை நான் அறுபது வருஷமாகப் பார்த்துவருகிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். எங்கள் பெரியம்மா இங்கே இருந்தவரை, பர்மியர்களின் மீன் விழுதான ஙாப்பியை அடுக்களை வாசலில்கூட வைக்கவிட மாட்டாள், அந்த வாடை ஆகாது. திருச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்த மறு வருஷமே, யாராவது வந்தால் கொஞ்சம் ஙாப்பி கொடுத்துவிடுங்கள் என்று கடிதம் போட்டாள். போனவர்களுக்குத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பர்மா காலனி என்றே குடியிருப்புகள் உண்டாயின. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. அதன் பக்கத்துத் தெருக்களில் இன்றும் அத்தோ, மொகிங்கா என்று நம் பர்மிய நூடுல்ஸ் வகைகளை விற்கிறார்கள். பர்மாவை விட்டுப் போனவர்கள் பர்மாவை அப்படியே கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு கூட்டம் உண்டு. தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல், தரைவழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போனவர்கள். இந்தப் பக்கம் உள்ளே விடவில்லை. எல்லையில், நம் தமு ஊருக்கு எதிரே இருக்கும் மோரேயில் அப்படியே குடியிருந்துவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, கோயில் இருக்கிறது. யாருக்குக் கோயில் கட்டினார்கள் தெரியுமா? அங்காள பரமேஸ்வரிக்கு. இங்கே பீலிக்கான் கோயிலில் நாம் தீ மிதிக்கிறோமே, அதே அம்மனுக்கு.

மாறியது யார் என்றால், இங்கேயே இருந்த நாங்கள்தான். தனியார் பள்ளிகள் 1960-களில் அரசிடம் போன பிறகு தமிழ்ப் படிப்பு கோயில் திண்ணைக்கு வந்துவிட்டது. என் பேரன் கனவில் பர்மிய மொழியில்தான் பேசுகிறான். நான் என் பழைய வாழ்க்கையிலிருந்து ஓரடிகூட நகரவில்லை. என் அப்பா இன்று வந்தால் என் வீட்டுப் பேச்சில் பாதி அவருக்கு அந்நியமாக இருக்கும். பெரியப்பா வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

அடிக்கும் புருஷனை விட்டுப் போகிற பெண்ணுக்கும், குண்டுக்குப் பயந்து போகிறவர்களுக்கும் இந்தப் பேச்சு பொருந்தாது. அவர்கள் மாறுவதற்காகப் போவதில்லை, உயிர் பிழைக்கப் போகிறார்கள். அவர்களைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.

சரி, அப்பாவுக்கு வருகிறேன். 1966-இல் ஒரு நாள் அவர், "மௌல்மீனுக்குப் போய்விடலாம், அங்கே வேலை இருக்கிறது" என்றார். ஆமாம், உங்கள் ஊருக்குத்தான். அம்மா சட்டி பானையைக் கட்டவில்லை. அடுப்படியிலிருந்து எழுந்திருக்காமலே, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. அப்பா இரண்டு நாள் யாரோடும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வருஷம்தான் பீலிக்கானுக்குக் காப்புக் கட்டினார். காப்பு இருக்கும் நாள் வரை குடிக்கவில்லை. அவிழ்த்த பிறகு ஒரு முறை குடித்தார், அப்புறம் நிறுத்தினார். அடுத்த வருஷமும் கட்டினார். ஊர் நம்பவில்லை. "குடிகாரன் தீ மிதிக்க வந்துட்டான்" என்று என் காதுபடவே பேசினார்கள். எங்கள் தெருக் கோயிலில் அவரைச் சமையல் பக்கமே விடவில்லை. மூன்றாவது வருஷம் ஒரு பெரியவர், "கணக்குப்பிள்ளை, அன்னதான அரிசியை நீங்க அளந்து போடுங்க" என்று படியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து அழுததை நான் பார்த்தேன்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கிள்ளானில் முதல் நாளே உங்களிடம் கல்லாவைக் கொடுத்துவிடலாம். உங்களைத் தெரியாததால் கொடுப்பார்கள். அந்த நம்பிக்கையை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள்? உங்கள் ஏழு மாதம் அங்கே யாருக்குத் தெரியும்? நீங்கள் எங்கிருந்து எங்கே வந்து நிற்கிறீர்கள் என்று அளக்கக்கூடியவர்கள் மௌல்மீனில்தான் இருக்கிறார்கள். "இன்றைக்கு என்ன நம்பர்?" என்று கேட்கிறானே, அவன்தான் உங்களுக்கு வேண்டிய ஆள். அவன் கேட்பதை நிறுத்தும் நாள் ஒன்று வரும். அந்த நாளைப் பார்க்காமல் கப்பலேறப் பார்க்கிறீர்களே!

தியானம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போக வேண்டுமானால் போய் உட்காருங்கள், நல்லதுதான். ஆனால் விபாசனா கற்றுக்கொடுத்த ஊ பா கின் யார் என்று தெரிந்துகொண்டு போங்கள். அவர் இந்த நாட்டின் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்தவர். காட்டுக்குப் போகவில்லை, மொட்டை அடித்துக்கொள்ளவில்லை. அலுவலகத்திலேயே தன் ஊழியர்களைத் தியானத்தில் உட்காரவைத்தவர். அவரிடம் 1955-இல் ஒற்றைத் தலைவலியோடு போன கோயங்கா நம்மைப் போல இங்கே பிறந்த இந்திய வம்சாவளி வியாபாரி, மாண்டலேக்காரர். 1969-இல் இந்தியாவுக்குப் போகும்வரை பதினான்கு வருஷம் குடும்பம், பிள்ளைகள் என்று இங்கேதான் இருந்தார். முதலில் இருந்த இடத்தில் இருந்தே கற்றுக்கொண்டார்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. பன்னிரண்டு பேரிடம் கடன் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். பன்னிரண்டு என்பது எண். நம்பர் எழுதி எழுதி ஆட்களும் உங்களுக்கு நம்பராகிவிட்டார்களா? அவர்கள் யார்? அதில் மருந்து வாங்க வைத்திருந்ததைக் கொடுத்தவர் உண்டா? மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததைக் கொடுத்தவர் உண்டா? அங்கிருந்து அனுப்பிவிடுவேன் என்கிறீர்கள். அனுப்புவீர்கள், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பணம் வந்து சேருவதும், நீங்கள் வாசலில் வந்து நிற்பதும் ஒன்றா? அம்மா வளையலைப் பற்றியும் ஒரே வரி. போகலாமா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டீர்களா?

அப்பாவின் நோட்டில் இருப்பது அதுதான். 1967-இல் தொடங்குகிறது. இடது பக்கம் பெயர், நடுவில் தொகை, வலது பக்கம் கொடுத்த தேதி. ஐந்து சாட், எட்டு சாட் என்று இருக்கிறது. தீர்ந்த பெயரின் மேல் அடிமட்டம் வைத்து ஒரு கோடு. லெப்படான் என்று ஒரு பக்கம், பெகு என்று ஒரு பக்கம், கமாயுட் என்று மூன்று பக்கம். எந்த ஊரையெல்லாம் விட்டு இருட்டில் ஓடிவந்தாரோ அந்த ஊருக்கெல்லாம் பகல் ரயிலில் திரும்பிப் போயிருக்கிறார். ஒரு தடவை என்னையும் பெகுவுக்குக் கூட்டிப்போனார். ஒரு பர்மிய அம்மாவின் வீட்டு வாசலில் நின்று இரண்டு கையாலும் பணத்தை நீட்டினார். அந்த அம்மா அவரைத் திட்டோ திட்டென்று திட்டிவிட்டு, எங்களை உட்காரவைத்துச் சோறு போட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

கடைசிப் பெயர் தீர 1975 ஆகியிருக்கிறது. ஒரு பெயரைத் தவிர. கமாயுட்டில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர், பதினைந்து சாட். அவர் 1964-இலேயே இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். பெரியப்பாவுக்கு எழுதிய கடிதம் ஒவ்வொன்றிலும் அப்பா அவரை விசாரித்திருக்கிறார். பெரியப்பா தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயரை மட்டும் மறுபடி எழுதி, பக்கத்தில் "விலாசம் கிடைக்கவில்லை" என்று அதே முத்துக் கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

உங்களுடைய பன்னிரண்டு பேருக்கும் விலாசம் இருக்கிறது. ஒரு நோட்டு வாங்குங்கள். பெயர்களை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்.