குளிர்நாட்டுக்குப் போகும் முன்

கேள்வி: எனக்கு வயது 64. நீரிழிவுக்கு மாத்திரை எடுத்து வருகிறேன். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இருக்கும் மகள் வீட்டில் மனைவியுடன் தங்கவிருக்கிறேன். அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் வராமலிருக்க, நோய் எதிர்ப்பு ஆற்றலைக் கூட்டும் மாத்திரைகளை இங்கேயே வாங்கிச் செல்லலாமா?
- வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: அந்த மாத்திரைகளுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் இருவரும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பரவும் ஃப்ளூ, அங்கே குளிர்காலத்தில் ஒரேயடியாகப் பெருகும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது நிமோனியா வரை போகக்கூடும். ஊசி பலன் தர ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும் என்பதால், நவம்பர் நடுவிலேயே கிளினிக்கிற்குச் சென்று, வடகோளப் பருவத்திற்கான, அதாவது பூமியின் வட பாதியில் வரும் குளிர்காலத்திற்கான, ஊசி இருக்கிறதா என்று கேளுங்கள். நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகளுள் ஒன்றான நிமோகாக்கஸைத் தடுக்கும் ஊசி பற்றியும் அப்போதே மருத்துவரிடம் பேசிவிடலாம்.

குளிர் மட்டுமே சளியை உண்டாக்குவதில்லை, கிருமி வேண்டும். சன்னல்களை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் இருப்பதாலும், குளிர்ந்த வறண்ட காற்றில் ஃப்ளூ கிருமி நெடுநேரம் உயிர்ப்புடன் இருப்பதாலும்தான் அங்கே நோய் எளிதில் தொற்றுகிறது. ஆகவே, பள்ளியிலிருந்து மூக்கு ஒழுக வரும் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிய கையைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுவது, எந்த லேகியத்தையும்விடப் பயன் தரும். (கொஞ்சாதீர்கள் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை.)

மாத்திரை என்று ஒன்று வேண்டுமானால் அது வைட்டமின் டி. வெயிலுக்குப் பஞ்சமில்லாத பினாங்கில் நாம் அதைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. மான்செஸ்டரிலோ டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பகலில் அடிக்கும் வெயிலிலும் தோல் இந்த வைட்டமினை உருவாக்கும் அளவுக்குப் புற ஊதாக் கதிர் இராது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 ஐ.யு., எடுத்துக்கொள்வது பற்றி எல்லோரும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. எலும்புக்கும் தசைக்கும் அது தேவை. வைட்டமின் சி மாத்திரையை நாள்தோறும் விழுங்கினாலும் சளி வருவது பெரும்பாலும் நிற்காது, சற்று விரைவில் குணமாகலாம், அவ்வளவுதான். ஒரு கொய்யாப்பழமே அன்றைய தேவைக்குப் போதும். மிளகு ரசம் தொண்டைக்கு இதமானது, தாராளமாகக் குடியுங்கள். ஆனால் கஷாயத்தில் பனங்கற்கண்டையோ தேனையோ அள்ளிப் போடாதீர்கள். இரத்தச் சர்க்கரை ஏறியிருக்கும்போது கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் குறைகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, உங்கள் பாதங்கள். நீரிழிவால் கால் மரத்துப்போயிருந்தால், ஹீட்டர் அருகில் காலை நீட்டி உட்காரும்போதோ வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்துக்கொள்ளும்போதோ தோல் வெந்து கொப்புளம் கிளம்பும் வரை சூடு தெரியாது. கம்பளிக் காலுறையே பாதுகாப்பானது. இரவில் அதைக் கழற்றி, விரல் இடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்த்துவிட்டுப் படுங்கள்.

மூச்சுத் திணறலோ குறையாத காய்ச்சலோ இருந்தால் அங்கே 111 எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம். சுற்றுப்பயணிகள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. எனவே பயணக் காப்புறுதி எடுக்கும்போது நீரிழிவு இருப்பதை மறைக்காமல் குறிப்பிடுங்கள்.